சந்துக்குள் இருக்கும் டிரஸ்டுக்குப் பணம் தரலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று சென்னையின் எந்த உழைக்கும் மக்கள் பகுதிக்குப் போனாலும், மாலை ஆறு மணிக்கு மேல் ஏதாவது ஒரு சந்தில் பாய் விரித்து வகுப்பு நடந்துகொண்டிருக்கும். அம்பேத்கர் பெயரில் நடக்கும் இரவுப் பாடசாலை, கேரம் பலகைகள் போட்ட ஒரு கூடம், குத்துச்சண்டை கற்றுத்தரும் மொட்டை மாடி, பள்ளியை விட்டவர்களைத் திரும்பப் பரீட்சை எழுத வைக்கும் குழு என்று இவற்றில் பல வகை உண்டு. நடத்துகிறவர்களில் பலர் அதே தெருவில் படித்து மேலே வந்தவர்கள். இவர்களுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. பணத்தை அனுப்பும் நேரத்தில்தான் தயக்கம் வருகிறது. அந்தத் தயக்கங்களுக்கான விளக்கங்கள் இங்கே.

பெயர் பெற்ற பெரிய தொண்டு நிறுவனங்கள் இருக்கும்போது சிறிய அமைப்பைத் தேடிப் போவானேன்?

பெரிய நிறுவனங்கள் செய்வதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பத்தாம் வகுப்பில் தவறிவிட்டு மீன் ஏலக் கூடத்தில் வேலைக்குப் போகும் பையன் எந்த டீக்கடையில் நிற்பான் என்பது தெருக்காரருக்குத்தான் தெரியும். அவன் அம்மாவிடம் போய்ப் பேசுகிற உரிமையும் அவருக்கே உண்டு. நகரத்து இளைஞர்களிடம் வேலை செய்ய இந்த நெருக்கம்தான் முதலில் வேண்டும்.

வியாசர்பாடி முல்லை நகரில் உள்ளூர்க் கால்பந்து வீரர்கள் 1997-இல் தொடங்கிய அமைப்பு, பந்தையும் படிப்பையும் ஒன்றாகவே பிள்ளைகளிடம் கொண்டு சேர்த்தது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, ஆட்டோ ஓட்டுநரான தன் தந்தை புது வண்ணாரப்பேட்டையில் நடத்திய பயிற்சி மையத்தில் விளையாடி வளர்ந்தவர். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். நகருக்குள்ளிருந்து பெயர்த்து எடுக்கப்பட்ட குடும்பங்களை 2000-ஆம் ஆண்டிலிருந்து குடியமர்த்திய இடம் கண்ணகி நகர். அங்கே வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பயிற்சியாளர் இருந்தது எத்தனை பெரிய விஷயம் என்று எண்ணிப் பாருங்கள். பதக்கம் வந்த பிறகு ஊரே வாழ்த்துகிறது. அதற்கு முந்தைய வருடங்களில் ஷூ வாங்கித் தந்தவர்கள் மிகச் சிலரே.

அரசே இத்தனை திட்டங்கள் நடத்துகிறதே?

நடத்துகிறது, நன்றாகவும் நடத்துகிறது. கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வி எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைக் கருதித் தொடங்கப்பட்டது. 2022-இல் வந்த நான் முதல்வன் திட்டத்தின் பெரும்பகுதி பள்ளியிலும் கல்லூரியிலும் இருப்பவர்களுக்கானது. 2024-இல் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நல்ல இடம். ஆனால் அந்த வாசல் வரை தானாக வந்து சேர முடியாத பதினாறு, பதினேழு வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர் போனவர்கள், வேலைக்குப் போய்விட்டவர்கள், போலீஸ் ஸ்டேஷன் வாசலை ஒருமுறை மிதித்துவிட்டதால் முத்திரை குத்தப்பட்டவர்கள். இவர்களைக் கையைப் பிடித்து அந்தத் திட்டங்களுக்குள் கூட்டிப் போகிறவர்கள்தான் இந்தச் சிறு அமைப்புக்காரர்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பதுகூட இவர்களுடைய வேலைகளில் ஒன்று.

ஏமாற்றிவிட்டால்? உண்மையான அமைப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நியாயமான பயம். முதலில் எந்த வகையில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். டிரஸ்ட் என்றால் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு உறுப்பினர்களோடு மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகியிருக்கும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவு பெற்ற லாப நோக்கற்ற கம்பெனி என்றால் அதன் ஆவணங்களைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். நிதி ஆயோக்கின் தர்பண் இணையதளத்தில் பதிவு எண் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: தர்பண் எண் என்பது அடையாள எண்தான், தரச் சான்றிதழ் அல்ல.

காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தும் வேலை நடக்காத இடங்கள் உண்டு. அதனால் நேரில் போக வேண்டும். சொல்லிவிட்டு ஒருமுறை, சொல்லாமல் ஒருமுறை. போன மாத வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான பதிவேட்டில் விடுபட்ட நாட்கள் இருக்கும், மழை நாளில் ஏழு பேர்தான் வந்திருப்பார்கள், பாதியில் நின்றுபோன பெயர்கள் இருக்கும். தினமும் நாற்பதுக்கு நாற்பது வருகை காட்டும் நோட்டு எனக்குச் சந்தேகத்தையே தரும். அடுத்து, தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். கேட்டதும் எடுத்து வைப்பவர்களை நம்பலாம். கேட்டால் கோபப்படுகிறவர்கள், பணத்தைத் தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறவர்கள், இன்று இரவுக்குள் வேண்டும் என்று அவசரப்படுத்துகிறவர்கள் இருந்தால் விலகிவிடுங்கள். கடைசியாக, பக்கத்து மளிகைக் கடையிலும் பிள்ளைகளின் அம்மாக்களிடமும் பேசுங்கள். இதைவிடப் பெரிய தணிக்கை கிடையாது.

பதிவே இல்லாத இளைஞர் குழு நன்றாக வேலை செய்கிறது. அவர்களுக்குக் கொடுக்கலாமா?

தெரிந்தவர்களாக இருந்தால் சிறிய அளவில் கொடுக்கலாம். வரிச் சலுகை கிடைக்காது, அவ்வளவுதான். அதோடு, பதிவுக்கான வழக்கறிஞர், ஆடிட்டர் செலவை ஏற்றுக்கொண்டால் அது பெரிய உதவி. ஆனால் பிள்ளைகளை இரவு தங்கவைக்கும் இல்லம் என்றால் கதையே வேறு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் இல்லங்கள் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்கீழ் பதிவு பெற்றே ஆக வேண்டும். அந்தப் பதிவு இல்லாத இல்லத்துக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள்.

நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி ரசீது கொடுத்தால் பாதிப் பணம் திரும்பக் கிடைக்குமா?

இந்தத் தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பழைய வரிமுறையில் இருப்பவர் இத்தகைய அமைப்புக்கு 10,000 ரூபாய் கொடுத்தால், பொதுவாக அதில் பாதியான 5,000 ரூபாய் அவருடைய வரிக்குரிய வருமானத்திலிருந்து கழியும். அவர் 20 சதவீத வரம்பில் இருந்தால் மிச்சமாவது சுமார் 1,000 ரூபாய். அதற்கும் வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது. அரிசி, நோட்டு, லேப்டாப் போன்ற பொருளாகக் கொடுத்தாலும் கிடைக்காது. புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை.

2021-22 நிதியாண்டிலிருந்து ரசீது மட்டும் போதாது என்றாகிவிட்டது. அமைப்பு வருமான வரித் துறைக்கு நன்கொடைப் பட்டியலைத் தாக்கல் செய்து 10பிஇ என்ற சான்றிதழைத் தர வேண்டும். 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வரும் வகையில் இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. எனவே ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். 12ஏ பதிவைக் காட்டி வரிச் சலுகை உண்டு என்று சிலர் சொல்வார்கள். அது அமைப்பின் வருமானத்துக்கான விலக்கு. உங்களுக்குப் பயன்படுவது 80ஜி.

நான் பிள்ளைகளுக்காகக் கொடுக்கிறேன். அதை வாடகைக்கும் சம்பளத்துக்கும் செலவழிப்பது சரியா?

இந்தக் கேள்வியில் நல்ல மனசுக்காரர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஜூன் மாதம் போனால் மையத்தில் நோட்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஒரே மாதிரி ஸ்கூல் பேக் ஒரே பிள்ளைக்கு மூன்று இடங்களிலிருந்து வந்திருக்கும். நவம்பரில் போய்ப் பாருங்கள். மழையில் ஒழுகும் கூரை, இரண்டு மாத வாடகைப் பாக்கி, சம்பளம் வராததால் துணிக்கடை வேலைக்குப் போய்விட்ட டீச்சர் அக்கா. அவர் போனதும் வாரத்துக்குள் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையும். பதினைந்து வயதுப் பெண்ணை இரவு எட்டு மணிக்கு வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடுவார் என்று நம்பித்தான் அவள் அம்மா அனுப்பியிருப்பார். அந்த நம்பிக்கைக்குரிய ஆளின் சம்பளத்தைத்தான் நாம் வீண் செலவு என்கிறோம்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓர் அறைக்கு வாடகை 10,000, பகுதி நேரமாக வரும் இருவருக்குத் தலா 8,000, சுண்டலுக்கும் பாலுக்கும் 5,000, கரண்ட் பில், தண்ணீர் கேன், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 3,000. மொத்தம் 34,000 ரூபாய். மாதம் 500 ரூபாய் தர 68 பேர் இருந்தால் அந்த மையம் ஓடும். வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய தொகையைவிட இந்த ஐந்நூறு ரூபாய் அதிகம் உதவும், ஏனென்றால் அடுத்த ஜூனிலும் மையம் திறந்திருக்கும் என்று நம்பி ஆள் எடுக்க முடியும். என்னைக் கேட்டால், இதற்கு மட்டும் இதற்கு மட்டும் என்று நிபந்தனை போடாமல் கொடுங்கள் என்பேன். கணக்கு கேட்கும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு.

பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட்டு, பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா?

சாப்பாடு போடலாம், என்ன வேண்டும், என்றைக்கு வேண்டும் என்று முதலில் கேளுங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று பிரியாணி வருவது நடக்கிறது. போட்டோ வேண்டாம். இலவசச் சாப்பாட்டுக்குக் கை நீட்டும் படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தால், மறுநாள் வகுப்பில் அந்தப் பையன் எப்படி உட்காருவான்? பதினான்கு வயதில் மானம் மிகப் பெரியது.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். அனுப்பலாமா?

இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை செய்கிறவர், தன் சொந்தச் சம்பாத்தியத்தை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அது வெளிநாட்டுப் பணமே. அதைப் பெற அமைப்புக்கு 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அந்தப் பதிவுக்கு மூன்று ஆண்டு அனுபவமும் அந்த மூன்றாண்டுகளில் 15 லட்ச ரூபாய் செலவும் காட்ட வேண்டும். சின்ன மையம் எங்கே போகும்? முன்பு பெரிய நிறுவனங்கள் தாங்கள் பெற்ற வெளிநாட்டு நிதியில் ஒரு பங்கைச் சிறிய அமைப்புகளுக்குத் தர வழி இருந்தது. 2020-இல் வந்த திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. இதனால்தான் உள்ளூர் நன்கொடையின் அருமை கூடியிருக்கிறது. ஊரில் இருக்கும் அண்ணன் கணக்குக்கு அனுப்பி அவர் வழியாகக் கொடுக்கும் சுற்றுவழியில் இறங்காதீர்கள். சிக்கல் வந்தால் மாட்டிக்கொள்வது அமைப்புதான்.

எங்கள் கம்பெனியின் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பணத்தை வாங்கித் தர முடியுமா?

முயலலாம். ஆனால் சிஎஸ்ஆர்-1 பதிவு, 12ஏ, 80ஜி, அதோடு பொதுவாக மூன்று ஆண்டுச் செயல்பாட்டு அனுபவம் எல்லாம் கேட்பார்கள். அதுவரை அலுவலகத்தில் இருபது பேர் சேர்ந்து மாதாமாதம் கொடுக்க ஏற்பாடு செய்வது சுலபம்.

பணம் இல்லை, நேரம் இருக்கிறது. போகலாமா?

போகலாம், ஒரு கல்வியாண்டு முழுக்க வர முடிந்தால். இரண்டு சனிக்கிழமை வந்து பழகிவிட்டு நின்றுவிடும் அண்ணன்களையும் அக்காக்களையும் இந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள். தனியறையில் ஒரு பிள்ளையோடு இருக்காதீர்கள். போன் எண் வாங்கித் தனியாகப் பேசாதீர்கள். பிள்ளைகள் பாதுகாப்புக்கு எழுதி வைத்த விதி இருக்கிறதா என்று மையத்தையும் கேளுங்கள். பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். அவசரத்துக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. பாடம் நடத்த வராது என்றால் கணக்கு எழுதித் தரலாம், ஆவணங்களை இணையதளத்தில் பதிவேற்றித் தரலாம். அதற்கு ஆள் கிடைக்காமல்தான் பல அமைப்புகளின் 80ஜி புதுப்பிப்பு தள்ளிப்போகிறது. பாடம் நடத்துவதாக இருந்தால், அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும்தான் தட்டுப்பாடு அதிகம். இரண்டில் எது உங்களுக்கு வரும், எந்தெந்தக் கிழமை வர முடியும் என்பதை முதல் நாளே பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.