பௌர்ணமிச் சாலையின் கணக்கு

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் தார் தெரியாது, தலைகள்தான் தெரியும். 14 கிலோமீட்டர் சுற்று. சிக்னல் கிடையாது. ஆனாலும் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். மறுநாள் காலை அதே ஊரில் நாலு காரும் ஒரு லாரியும் எதிரெதிரே வந்தால் போதும், தேரடி வீதி அடைத்துக்கொள்ளும்.

போக்குவரத்துப் பொறியாளர்களிடம் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மூன்றரை மீட்டர் அகலத் தடம் ஒன்றில், நகர நெரிசலில், ஒரு மணி நேரத்தில் காரில் கடக்கக்கூடியவர்கள் சுமார் 2,000 பேர். பேருந்தில் 9,000. சைக்கிளில் 14,000. நடந்து போனால் 19,000! ஒரு லட்சம் பேர் கடக்கக் காருக்கு 50 மணி நேரம் வேண்டும். கால்களுக்கு ஐந்தேகால் மணி நேரம் போதும்.

மணிக்கு 4 கிலோமீட்டர் போகிற கால் எப்படிக் காரை ஜெயிக்கிறது? வேகம் இடத்தைத் தின்னும். ஓடுகிற கார் தன் நீளத்தோடு நிற்பதில்லை. பிரேக் பிடிக்க முன்னால் காலியிடம் வேண்டும். வேகம் கூடக்கூட அந்தக் காலியிடமும் நீளும். உள்ளே இருப்பதோ பெரும்பாலும் ஒருவர், இருவர். நடப்பவருக்கு ஒரு சதுர மீட்டர் தாராளம். போதாததற்கு இங்கே எல்லாரும் வலமாகவே சுற்றுகிறார்கள். எதிரே வருபவர் இல்லாத கூட்டம் தண்ணீர் மாதிரி ஓடும்.

கார்த்திகை தீபத்தன்று வெளியூர்ப் பேருந்துகள் ஊர் எல்லையில் உள்ள தற்காலிகப் பேருந்து நிலையங்களிலேயே நின்றுவிடும். அங்கிருந்து நடக்க வேண்டுமே என்று புலம்பாதவர் இல்லை. லண்டன் 2003இல் நகர மையத்துக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் போட்டுச் சாதித்ததை நம் போலீஸ்காரர்கள் நாலு தடுப்புக் கட்டைகளை வைத்துச் சாதித்துவிடுகிறார்கள். என்ன, விடிந்ததும் கட்டைகளை எடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறோம் என்பேன்.

எல்லாராலும் எல்லா நாளும் நடக்க முடியாது, உண்மைதான். முழங்கால் வலிக்காரருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் டவுன் பஸ் வேண்டும், அடிக்கடி வேண்டும். அந்த 9,000 அவர்களுக்கானது.

சென்னைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடற்கரை நிலையத்திலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வரை ஓடிய மெமு ரயில், 2024 மே மாதம் முதல் திருவண்ணாமலை வரை வருகிறது. அடுத்த பௌர்ணமிக்குக் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.