ஒரு கிலோ பாப்பா... ரெண்டு எம்.எல். பால்!

'நெக்'னு சொன்னா நமக்குக் கழுத்துதான் ஞாபகத்துக்கு வரும். ஆனா, குறைமாதக் குழந்தைகளை வச்சிருக்கற ஐ.சி.யூ.வில் ஒரு டாக்டர் 'நெக்கா இருக்குமோ?'னு கேட்டா, அங்கே இருக்கற நர்ஸ்கள் முகம் மாறிடும். 'நெக்ரோடைசிங் என்டெரோகொலைட்டிஸ்' என்ற வாயில் நுழையாத பேரோட சுருக்கம் அது. பச்சைக் குழந்தையின் குடல் உள்ளுக்குள்ளேயே செத்துப் போற நோய்.

2020-ல் மட்டும் உலகத்துல 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் முடியறதுக்கு முன்னாடியே பிறந்திருக்காங்க. அதில் சுமார் 30 லட்சம் பேர் நம்ம இந்தியாவில். எந்த நாட்டையும்விட இதுதான் அதிகம். இவங்கள்ல ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான பொடிசுகள்தான் நெக்கின் டார்கெட். இந்த எடையில் பிறக்கற நூறு பேரில் 5-லிருந்து 10 பேருக்கு இது வருதுங்கறாங்க. வந்தவர்களில் நாலில் ஒருவர் பிழைக்கறதில்லை.

இந்த வில்லன் வர்ற டைமிங் இருக்கே, அதுதான் கொடுமை! பிறந்த அன்னிக்கே வர மாட்டான். பெரும்பாலும் ரெண்டு, மூணு வாரம் கழிச்சுதான் என்ட்ரி. அதுக்குள்ள குழந்தை வென்டிலேட்டரை விட்டு வெளியே வந்திருக்கும். ஊர்ல இருக்கற பாட்டிக்கு போன் போட்டு, 'பால் குடிக்க ஆரம்பிச்சுட்டான்'னு அப்பா சொல்லியிருப்பார். திடீர்னு வயிறு வீங்கும். வயித்துல இருந்து பச்சையா பித்தம் வரும். மலத்தில் ரத்தம். மூச்சை நடுநடுவே மறந்துடும். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தா, குடல் சுவருக்குள்ளேயே குட்டிக் குட்டியா காத்துக் குமிழ்கள்! காலையில் நல்லா இருந்த குழந்தை, ராத்திரி ஆபரேஷன் டேபிளில் இருக்கறது நிஜமாவே நடக்கும்.

வைத்தியம்? பாலை உடனே நிறுத்துவாங்க. வயித்துல இருக்கறதை ட்யூப் வழியா வெளியே எடுப்பாங்க. சத்தும் ஆன்டிபயாடிக்கும் ரத்தக் குழாய் வழியா போகும். குடலில் ஓட்டை விழுந்துட்டா பெரும்பாலும் ஆபரேஷன்தான்... செத்த பகுதியை வெட்டி எடுத்தாகணும். ரொம்ப நீளமா வெட்ட வேண்டி வந்தா, உயிர் பிழைச்ச பிறகும் சாப்பாடு சரியா ஒட்டாம வருஷக்கணக்கா கஷ்டப்படணும்.

சரி, ஏன் இப்படி? கட்டடம் கட்டி முடிக்கறதுக்கு முன்னாடியே அட்மிஷன் போடற இன்ஜினீயரிங் காலேஜ் கதைதான்! வயித்துக்குள்ள இன்னும் ரெண்டு, மூணு மாசம் வேலை பாக்கி இருக்கற குடலுக்குள் பாலும் பாக்டீரியாவும் வந்து இறங்கினா என்ன ஆகும்? அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருக்கும் டாக்டர் டேவிட் ஹேக்கமின் குழு இதைத்தான் பல வருஷமா துருவிக்கிட்டு இருக்கு. குடலின் உள்சுவர் செல்களில் 'டி.எல்.ஆர்.4' என்று ஒரு அலாரம் இருக்கு. பாக்டீரியாவைக் கண்டா அடிக்கும். குறைமாதக் குடலில் இந்த அலாரம் அளவுக்கு மீறி அதிகமா இருக்காம். சாதாரண பாக்டீரியாவைப் பார்த்தே ஊரைக் கூட்டிடும். விளைவு... சுவர் செல்கள் சாகும், ரிப்பேர் வேலை நிக்கும், குடலுக்குப் போற ரத்தக் குழாய்களும் சுருங்கும். திருடனைவிட வாட்ச்மேன் பண்ற சேதம் ஜாஸ்தி!

இந்த அலாரத்தை அடக்கற மருந்தைத் தேடிக்கிட்டு இருக்காங்க. ஆனா, இருக்கறதிலேயே பெஸ்ட் கவசம் எதுன்னா... தாய்ப்பால். சென்டிமென்ட் டயலாக் இல்லை பாஸ், டேட்டா! 1990-ல் இங்கிலாந்தில் ஆலன் லூகாஸ், டிம் கோல் ரெண்டு பேரும் 926 குறைமாதக் குழந்தைகளை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தாய்ப்பால் மட்டும் குடிச்சவங்களைவிட, பவுடர் பால் மட்டும் குடிச்சவங்களுக்கு இந்த நோய் 6-லிருந்து 10 மடங்கு அதிகம். ரெண்டும் கலந்து குடிச்சவங்களுக்குக் கூட, பவுடர் பால் மட்டும் குடிச்சவங்களைவிட ஆபத்து ரொம்பக் குறைவு.

தாய்ப்பாலில் அப்படி என்னதான் இருக்கு? சுவாரஸ்யமான விஷயம், அதில் குழந்தையால ஜீரணிக்கவே முடியாத சர்க்கரைகள் நூத்துக்கும் மேலே இருக்கு. அது குழந்தைக்கு இல்லை, குடலில் குடியேறும் நல்ல பாக்டீரியாவுக்கான மெஸ் சாப்பாடு! சான்டியாகோவில் லார்ஸ் போடின் லேப், அதில் ஒரே ஒரு சர்க்கரை எலிக்குட்டிகளை நெக்கிடமிருந்து காப்பாத்துதுன்னு 2012-ல் காட்டியது. அப்போ நல்ல பாக்டீரியாவையே நேரா கொடுத்துட்டா? அங்கேதான் குழப்பம். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்தில் 1,099 குழந்தைகளுக்கு நடந்த ஆய்வில் (2013) நெக் 4.4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைஞ்சது. இங்கிலாந்தில் 1,315 குழந்தைகளுக்கு வேற ஒரு பாக்டீரியா கொடுத்துப் பார்த்ததில் (2016) ஒரு பலனும் இல்லை. 2023 அக்டோபரில், இப்படிக் கொடுத்த பாக்டீரியாவே ரத்தத்தில் பரவி ஒரு குழந்தை இறந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையே விட்டது.

என்னைக் கேட்டா, இந்த விஷயத்தில் ரொம்ப உபயோகமான ஆய்வு, 'வித்தியாசமே இல்லை'னு ரிசல்ட் வந்த ஒண்ணுதான். வேகமா பாலைக் கூட்டினா நெக் வந்துடுமோன்னு டாக்டர்களுக்கு ஒரு பயம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2,804 குழந்தைகளை ரெண்டு குரூப்பா பிரிச்சாங்க. ஒரு குரூப்புக்கு தினமும் கிலோவுக்கு 30 எம்.எல். கூட்டினாங்க, இன்னொண்ணுக்கு 18. அதாவது, ஒரு கிலோ குழந்தைக்கு 30 எம்.எல்.னா நம்ம கேன்டீன் டீ டம்ளர்ல கால்வாசி. 2019-ல் ரிசல்ட். நெக் வந்தது 5 சதவீதம், 5.6 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா, வேகமா கூட்டின குரூப் முழுப் பாலுக்கு வந்தது 7 நாளில், மத்தவங்க 10 நாளில். அந்த மூணு நாளும் குழந்தையின் ரத்தக் குழாயில் ஊசி தேவையில்லை... அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு அந்த அம்மாக்களைத்தான் கேக்கணும்.

எல்லாம் சரி, பாலுக்கு எங்கே போறது? ஏழாம் மாசத்துல பிரசவமான அம்மாவுக்குப் பால் சுலபமா சுரக்காது. பகல், ராத்திரி பார்க்காம மூணு மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சணும். முதல் நாள் கிடைக்கறது சில சொட்டு சீம்பால்தான். அதையே பஞ்சில் தொட்டுக் குழந்தையின் கன்னத்துக்கு உள்ளே தடவுற வழக்கம் பல ஆஸ்பத்திரிகளில் இருக்கு. (நம்ம ஊர்ல சில வீடுகளில் சீம்பாலைக் கீழே ஊத்திட்டு சர்க்கரைத் தண்ணியும் கழுதைப்பாலும் தேடுவாங்க. பாட்டிகள் மன்னிக்கணும்!)

அதுவும் பத்தாதப்போ கைகொடுக்கறது தாய்ப்பால் வங்கி. ஆசியாவிலேயே முதல் வங்கி 1989-ல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆரம்பிச்சது. இப்போ தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளிலும் இருக்கு. தன் குழந்தைக்குப் போக மிச்சம் சுரக்கற அம்மாக்கள் காசு வாங்காம கொடுப்பாங்க. முதலில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ் டெஸ்ட்கள். அப்புறம் 62.5 டிகிரியில் 30 நிமிஷம் சூடு, சட்டுனு குளிர வைப்பு, மைனஸ் 20-ல் ஃப்ரீஸர். சூடு கூடினா சத்து போகும், குறைஞ்சா கிருமி தப்பிக்கும். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரை வெறுப்பவர்கள் கவனிக்க! கிருமியைக் கொல்லும் அந்தச் சூட்டில் நோய் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் அடிபடும், அந்த ஸ்பெஷல் சர்க்கரைகள் தப்பிச்சுடும்.

அம்மாவோட சொந்தப் பாலுக்கு இது ஈடில்லைதான். ஆனா, 2024-ல் அமெரிக்காவில் வெளியான 483 குழந்தைகள் ஆய்வில், தானப் பால் குடிச்சவங்களில் நெக் 4.2 சதவீதம், பவுடர் பால் குடிச்சவங்களில் 9 சதவீதம். எடை மட்டும் தானப் பாலில் மெதுவாத்தான் ஏறுது. அதே 2024 மே மாதம், தாய்ப்பாலைக் காசுக்கு விக்கக் கூடாதுன்னு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கறாரா சொல்லிடுச்சு. அதனால, பாப்பாவின் மூக்கு வழியா ட்யூபில் இறங்கற அந்த ரெண்டு எம்.எல்., முகம் தெரியாத ஏதோ ஒரு அம்மா சும்மா கொடுத்தது. அடுத்த வேளை இன்னும் ரெண்டு மணி நேரத்தில்.