துருப்பிடித்த ஸ்க்ரூவும் தாத்தா காலத்து மெக்கரும்

"மோட்டார் போச்சுங்க, காயில் கட்டணும்!"

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் இந்த வார்த்தையைக் கேட்காத குடும்பம் இருக்க முடியாது. கிணற்றிலிருந்து தூக்கிய மோட்டாரை வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் முதலில் ஒரு கறுப்புப் பெட்டியைத்தான் எடுப்பார். பக்கவாட்டுக் கைப்பிடியைக் கரகரவென்று சுற்றுவார். முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, 'பாடி ஷார்ட்டுங்க' என்றோ 'காயில் நல்லாத்தான் இருக்குது' என்றோ தீர்ப்பு சொல்வார். அந்தப் பெட்டிதான் மெக்கர்.

பைக்காரா நீர்மின்சாரம் 1930-களில் மலையிறங்கி வந்த பிறகுதான் கோவையின் முகம் மாறியது. மில்கள் பெருகின. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்ளூரிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். மோட்டார் வந்த ஊருக்கு அதைச் சோதிக்கும் கருவிகளும் வந்தாக வேண்டுமே! மெக்கர் என்பது இங்கிலாந்தின் எவர்ஷெட் அண்ட் விக்னோல்ஸ் கம்பெனி 1903-ல் பதிவு செய்த பெயர். கூடவே வந்தது 'ஆவோ' மீட்டர். ஆம்ப், வோல்ட், ஓம் மூன்றையும் அளப்பதால் அந்தப் பெயர். 1923-ல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த கம்பெனி காயில் சுற்றும் மெஷின் செய்கிற கம்பெனி என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் பிடித்த செய்தியாக இருக்கும்.

இன்று கடைகளில் டிஜிட்டல் மெக்கர் வந்துவிட்டது. பழையவை பரணிலும், உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகளிலும் தூங்குகின்றன. பேரன் ஒருநாள் அதை எடுத்துத் தூசி தட்டி, 'உள்ளே என்னதான் இருக்கு' என்று ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகுகிறான். ஸ்க்ரூ அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு திருகு. டிரைவர் வழுக்கி, காடி மழுங்கி, பேக்கலைட் உடலில் 'டக்'கென்று ஒரு விரிசல். ஐம்பது, அறுபது வருஷம் தாங்கிய பெட்டி ஐந்து நிமிஷத்தில் போய்விடுகிறது. பேக்கலைட்டை உருக்கி ஒட்ட முடியாது. விரிசல் விழுந்தால் விழுந்ததுதான்.

ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது?

துரு என்பது வெறும் அழுக்கு அல்ல. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்கிறது. மரையின் இண்டு இடுக்கெல்லாம் துரு நிரம்பி, ஸ்க்ரூவைச் சிமென்ட் போட்டதுபோல இறுக்கிவிடும். பித்தளைத் துளையில் இரும்பு ஸ்க்ரூ இருந்தால், ஈரம் பட்டதும் இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும். இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும். ஆவோ மீட்டரில் போட்டு மறந்துபோன பேட்டரி கசிந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

எனவே பேட்டரி இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். பிறகு எல்லாப் பக்கமும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவின் காடியில் அடைந்திருக்கும் அழுக்கை ஊசியால் நோண்டி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். சில கருவிகளில் ஸ்க்ரூ தலைமேல் அரக்கு வைத்து மூடியிருப்பார்கள். அதையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

அடுத்ததுதான் உயிர்நாடி: ஸ்க்ரூ டிரைவரின் நுனி. கடையில் கிடைக்கும் சாதாரண டிரைவரின் நுனி ஆப்பு போலச் சரிந்திருக்கும். அழுத்தித் திருகும்போது அது காடியை விட்டு மேலே ஏறி வழுக்கும். நுனியை அரத்தால் ராவி, இரண்டு பக்கமும் சரிவில்லாமல் நேராக்கி, காடியின் அகலத்துக்கும் ஆழத்துக்கும் கச்சிதமாக உட்காரும்படி செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு டிரைவரை இப்படி ராவி வைத்துக்கொள்வது வீண் செலவு இல்லை.

பிறகு எண்ணெய். ஸ்ப்ரே டப்பாவை மீட்டர்மேல் நேரடியாக அடிக்கவே கூடாது. உள்ளே முடியைப் போன்ற சுருள் வில்லும் நுண்ணிய தாங்கிகளும் இருக்கின்றன. எண்ணெய் பட்டால் முள் ஒட்டிக்கொள்ளும். ஒரு மூடியில் கொஞ்சம் அடித்து, ஊசி முனையால் ஒரே ஒரு சொட்டு மரையோரம் வையுங்கள். எண்ணெய் முள் பக்கம் ஓடாதபடி பெட்டியைச் சாய்த்து வைத்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை விடுபவர்கள் உண்டு. அது மரைக்குள் புகாது; மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும்.

மறுநாள் எடுத்த எடுப்பில் கழற்றப் பார்க்காதீர்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு. பிறகு கழற்றும் பக்கம். மறுபடி இறுக்கம். இந்த ஆட்டத்தில்தான் துரு உடையும். அப்போதும் அசையாவிட்டால், எண்ணெயைத் துடைத்துவிட்டு, சால்டரிங் அயர்னின் நுனியை ஸ்க்ரூவின் தலைமேல் அரை நிமிஷம் வையுங்கள். சூட்டில் ஸ்க்ரூ விரியும், ஆறும்போது சுருங்கும், துருவின் பிடி விடும். நெருப்பு காட்டுவது வேண்டாம். பேக்கலைட் உருகாது, ஆனால் கொப்புளித்துக் கருகும். சுத்தியலும் வேண்டாம். மோட்டார் பாடியில் செய்வதுபோல இங்கே தட்டினால், முள்ளைத் தாங்கும் கூர்முனை நசுங்கிவிடும்.

காடியே மழுங்கிவிட்டதா? ஆக்ஸா பிளேடால் புதுக் காடி அறுக்கலாம். தலை மேலே துருத்தியிருந்தால் குறட்டால் பிடித்துத் திருகலாம். கடைசி வழி, தலையை மட்டும் டிரில் செய்து எடுப்பது. மூடி கழன்றுவிடும், மிச்சத் தண்டைக் குறட்டால் எடுக்கலாம். ஆனால் மீட்டருக்குள் வலுவான காந்தம் இருக்கிறது. இரும்புத் துகள் ஒன்று உள்ளே போனாலும் காந்தம் அதை விடாது. சுற்றிலும் டேப் ஒட்டி, டிரில் முனையில் கிரீஸ் தடவிக்கொண்டு, மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை இது.

படிகார வைத்தியம்

தனியாகக் கழற்றிய பித்தளை டெர்மினலுக்குள் இரும்பு ஸ்க்ரூ முறிந்து மாட்டிக்கொண்டால், கடிகார ரிப்பேர்க்காரர்களின் பழைய தந்திரம் ஒன்று உண்டு. நாட்டு மருந்துக் கடைப் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் அந்தப் பித்தளைத் துண்டை ஊறப்போடுவார்கள். படிகாரக் கரைசல் இரும்பைக் கரைக்கும், பித்தளையைப் பெரும்பாலும் தொடாது. தண்ணீரைச் சூடாகவே வைத்திருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். ஆறவிட்டால் நாள்கணக்கில் ஆகும். பொறுமைதான் வேண்டும்.

கழன்ற பழைய ஸ்க்ரூவைத் தூக்கி எறியாதீர்கள். அந்தக் கால பிரிட்டிஷ் கருவிகளில் 'பி.ஏ.' என்ற தனி மரை இருக்கும். மரையின் கோணம் 47.5 டிகிரி. இன்றைய மெட்ரிக் ஸ்க்ரூவில் 60 டிகிரி. கிட்டத்தட்ட ஒரே தடிமனில் இருப்பதால் ஒன்றிரண்டு சுற்று ஏறும். அதற்குமேல் அழுத்தினால் துளையின் மரை நாசம். பழைய ஸ்க்ரூ கையில் இருந்தால் அதை அளவாகக் காட்டி கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு லேத் பட்டறையில் புதிது கடைந்து வாங்கலாம். லேத்துக்கா பஞ்சம் கோவையில்! திரும்பப் பூட்டும்போது மரையில் துளி வாசலின் தடவிக்கொண்டால் அடுத்த தலைமுறை திட்டாது.

இன்னொன்று: திறந்து வைத்திருக்கும் மெக்கரின் கைப்பிடியைச் சும்மாகூடச் சுற்றாதீர்கள். 500 வோல்ட், சிலவற்றில் 1,000 வோல்ட் வரை உண்டாகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் தேவை.

மூடியைப் பூட்டியபின் முள் நடுவில் எங்கேயோ சாய்ந்து கிடந்தால், கெடுத்துவிட்டோமோ என்று பதற வேண்டாம். பழைய மெக்கரில் முள்ளைப் பூஜ்யத்துக்கு இழுக்கும் வில்லே கிடையாது. சும்மா இருக்கும்போது அது நினைத்த இடத்தில் நிற்கும். இரண்டு வயர்களையும் ஒன்றையொன்று தொடாமல் தள்ளி வைத்து, அவற்றில் கை படாமல் கைப்பிடியைச் சுற்றுங்கள். முள் கடகடவென்று நகர்ந்து, படுத்துக்கிடக்கும் எட்டு போன்ற அந்த முடிவிலிக் குறியில் போய் நின்றால், தாத்தாவின் மெக்கர் நன்றாகவே இருக்கிறது.