சேணம் பூட்டும்போது குதிரை சீறுவதேன்?

சேணத்துக்குக் கலணை, பல்லணம் என்னும் பெயர்களும் தமிழில் உண்டு. சொல்வளம் இருந்த அளவுக்குக் குதிரையின் நோவறியும் திறம் நம் நாட்டில் இருந்ததா? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ இல்லை என்கிறார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளுள் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சவில்லை என்றும், பேணத் தெரியாமையே காரணம் என்றும் எழுதினார். மிகை இருக்கலாம். நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரம் தஞ்சைச் சரசுவதி மகாலில் இருக்கிறதே! ஆயினும், சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் குதிரைக்கு ஊட்டினர் என்று அவர் கூறுவது சிந்திக்கத்தக்கது. ஏனெனில், சேணம் கண்டு சீறும் குதிரையின் குறை பல வேளைகளில் வயிற்றில்தான் இருக்கிறது.

போலோ ஆட்டத்துக்குப் பெயர்பெற்ற ஜொகூரிலும் இச்சிக்கல் புதிதன்று. சேணத்தைக் கண்டதும் குதிரை காதை மடக்கும், வாலைச் சுழற்றும், வயிற்று வாரை இறுக்கினால் கடிக்கத் திரும்பும். உடனே அதற்கு முரடு என்று பெயர் சூட்டி அடிப்பவர் உண்டு. அது முரடன்று; வாயில்லாச் சீவன் வலியைச் சொல்லும் மொழி. மலாயாவில் குதிரை பார்த்தவரைக் குறித்த 'சைஸ்' என்னும் சொல் பின்னர் மோட்டார் ஓட்டியையும் குறித்தது. மோட்டாருக்கு வலி இல்லை, குதிரைக்கு உண்டு.

முதலில் சேணமின்றி முதுகையும், வார் படியும் இடத்தையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை டிகிரி வடக்கே உள்ளது. இப்புழுக்கத்தில் வியர்வை ஊறிய சேண விரிப்பு எளிதில் உலர்வதில்லை. அதிலுள்ள உப்பும் உதிர்ந்த மயிரும் தோலை உராய்ந்து புண்ணாக்கும். அடுத்து, விரிப்பை மட்டும் போட்டும், பின் வாரிறுக்காமல் சேணத்தை வைத்தும் பார்க்கலாம். சேணம் வைத்ததுமே முதுகை நெளித்தால் சேணத்தின் பொருத்தத்தையும் முதுகெலும்பையும் ஐயுறல் வேண்டும். சென்ற ஆண்டு பொருந்திய சேணம், தசை கூடியோ குறைந்தோ இவ்வாண்டு பொருந்தாமற் போகும். முதுகில் திட்டாக முளைத்த வெண்மயிர் பழைய அழுத்தத்தின் வடு.

வாரை இறுக்கும்போது மட்டும் துடித்தால் வயிற்றை நினைக்க வேண்டும். மனிதருக்கு உண்ணுங்காலை மிகுதியாகச் சுரக்கும் இரைப்பை அமிலம் குதிரைக்கு நாள் முழுவதும் சுரக்கிறது. அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போதுதான் ஊறும். இடைவிடாது மேயும் விலங்குக்கு இது குறையன்று. லாயத்தில் அடைத்து, இருவேளை தானியம் மட்டும் வைத்தால் அமிலம் வெற்று வயிற்றில் தேங்கும். இரைப்பையின் மேற்பகுதிக்குக் காப்புப் படலம் இல்லை. ஓட்டத்தில் அமிலம் மேலெழுந்து அங்கே புண்ணாக்குகிறது. பந்தயக் குதிரைகளுள் பெரும்பாலானவற்றுக்கு இப்புண் உண்டு. நீண்ட குழாய்க் கருவியை உள்ளே செலுத்திப் பார்த்தே மருத்துவர் இதை உறுதிசெய்ய முடியும். ஓமெப்ரசோல் மருந்தும், ஓயாமல் மெல்லப் புல்லும் இதற்குப் பரிகாரம்.

ஆனால், வாரைக் கண்டு துடிக்கும் குதிரைக்கெல்லாம் வயிற்றுப்புண் என்று துணிதலும் தவறு. விலா எலும்பின் காயமும், காலின் நொண்டலும்கூட இவ்வாறே வெளிப்படும். நோய் தீர்ந்த பின்னரும் பழைய வலியின் நினைவால் சில குதிரைகள் சீறுவதுண்டு. அவற்றுக்கு வாரை ஒரேயடியாக இறுக்காமல் ஒரு துளை இறுக்கி, நாலடி நடத்தி, மீண்டும் ஒரு துளை இறுக்க வேண்டும்.