மகளிரின் வழியச்சம்



கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதுகாறும் சங்கு ஒலித்தால் வேலை, மறுபடி ஒலித்தால் வீடு என்று வாழ்ந்த ஊரிகம், அதன்பின் பிழைப்புக்குப் பெங்களூரை நோக்கிற்று. ஆடவரோடு மகளிரும் அத்திசையிற் புறப்பட்டனர். மாரிக்குப்பத்தில் கிளம்பும் இரயில் ஊரிகத்தைக் கடந்து, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூரை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். இருள் பிரியுமுன் வீட்டைவிட்டு, இருட்டிய பின்னர்த் திரும்பும் வாழ்க்கை இது.

நெரிசலில் தீண்டும் கை, நிலையத்திலிருந்து பின்தொடரும் காலடி ஆகியவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின் பிறர்க்குப் புலப்படாத அச்சம் ஒன்றுண்டு. நடந்ததை வீட்டிற் சொன்னால், "நாளை முதல் வேலைக்குப் போக வேண்டாம்" என்று நிறுத்திவிடுவார்களோ என்பதே அது. சம்பளம் நின்றால் அடுப்பு எரியாது. எனவே அவள் வாய் திறவாள். தீயவனுக்கு இம்மௌனத்தினும் உற்ற துணை வேறில்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு 'மானபங்கம்' என்னும் சொல் நெடுநாளாக உறுத்துகிறது. அடித்தவனால் அடிபட்டவனுக்கு மானம் போயிற்று என்று நாம் சொல்வதில்லை. பெண்ணிடத்தில் மட்டும் அவ்வாறு எழுதிவிடுகிறோம். குற்றம் ஒருவனுடையது, இழிவு மற்றொருத்தியுடையது என்பது என்ன கணக்கு?

ஒரே பெட்டியில் கூட்டமாக ஏறுதல், இறங்குமிடத்தில் வீட்டார் காத்திருத்தல் என்பன மகளிர் தாமே கண்ட காவல்கள். நல்லவைதாம். ஆயினும் துணைவியர் செல்லும் இரயிலைத் தவறவிடலாகாது என்று மிகைநேர வேலையை மறுப்பவள், அக்கூலியை இழக்கிறாள். அச்சத்தின் விலையை அவளே செலுத்துகிறாள். ஆகவே சட்டம் தரும் காவலையும் அறிதல் வேண்டும்.

மகளிர் பெட்டியில் ஆடவர் ஏறுவது 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டப்படி குற்றம். ஓடும் வண்டியிலிருந்தே 139 என்னும் எண்ணில் உதவி கோரலாம். இரயில் பல காவல் எல்லைகளைக் கடப்பதால், எங்கே முறையிடுவது என்ற திகைப்பு இயல்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எவ்வெல்லையில் நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். பாலியல் குற்றமாயின் பெண் அதிகாரியே அதனைப் பதிவு செய்தல் வேண்டும்.

வேலையிடத்துக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பதின்மரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடத்தில் விசாரணைக் குழு இருத்தல் கட்டாயம். வீட்டு வேலை செய்வோர் மாவட்டத்து உள்ளூர்க் குழுவை நாடலாம். முதலாளி அமர்த்திய வண்டியும் வேலையிடமாகவே கொள்ளப்படும். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தல் வேண்டும். தக்க காரணமிருப்பின் மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம்.

அயல்மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு மொழி ஒரு தடை. கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாய்மொழியாகப் புகார் சொல்லலாம். எழுதியதைப் படித்துக் காட்டுவது காவலரின் கடமை. நாள், நேரம், இரயில், பெட்டி, உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றைக்கே குறித்து வைத்தல் நலம். முதல் தகவல் அறிக்கையின் படி ஒன்றைக் கட்டணமின்றிப் பெற உரிமை உண்டு. அதைக் கேட்டு வாங்கிய பின்னரே நிலையத்தை விட்டு வருக.