கையெழுத்திட்டாலும் கைவிட்டுப் போகாத பங்கு

(திருவிடந்தையில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமையைப் பேசிக் கலைவது ஒரு வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த அவையில் பாதிப்பேர் கல்லூரி மாணவர்கள். சிலர் கானா கட்டுகிறார்கள், சிலர் ராப் எழுதுகிறார்கள், சிலர் பறை இசைக்கிறார்கள். அவர்களுக்கு நாளைக்கே பயன்படும் ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று முடிவெடுத்தோம். ஆகவே பாட்டைப் பற்றிப் பேசுகிறோம். பாட்டின் அழகைப் பற்றியல்ல, அதன் பத்திரத்தைப் பற்றி. ஒரு பாட்டு ஊரறிந்த பாட்டாகிவிட்ட பிறகு அதை விளம்பரத்துக்கும் சினிமாவுக்கும் மேடைக்கும் யாரிடம் கேட்டு எடுக்கிறார்கள், பணம் யாருக்குப் போகிறது, யார் பெயர் காணாமல் போகிறது என்பதே இன்றைய பேச்சு.

எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2021 மார்ச் 7 அன்று மாஜா நிறுவனத்தின் யூடியூப் பக்கத்தில் 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது. வரிகள் அறிவு, பாடியவர்கள் தீயும் அறிவும், இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். நிலத்தில் உழைத்தும் நிலம் இல்லாமல் போனவர்களின் பாட்டு அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து அதன் சொற்கள் வந்ததாக அறிவு பலமுறை சொல்லியிருக்கிறார். யூடியூபில் 40 கோடிக்கும் மேற்பட்ட பார்வைகள். சினிமாவுக்கு வெளியே பிறந்த தமிழ்ப் பாட்டு ஒன்று இந்த அளவுக்குப் போனதை நம் தலைமுறை அதற்கு முன் கண்டதில்லை.

பிறகு நடந்தவை உங்களுக்கு நினைவிருக்கும். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்த பிறகு அறிவின் படத்தோடு ஓர் இணைய அட்டை வந்தது. அடுத்த ஆண்டு 44ஆவது செஸ் ஒலிம்பியாட். ஆட்டங்கள் நடந்தது இங்கிருந்து இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வருகிற மாமல்லபுரத்தில். தொடக்க விழா 2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில். மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு இல்லை. அவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. ஆகஸ்ட் 1 அன்று, பாட்டை ஆக்கியது, எழுதியது, பாடியது தானே என்று அறிவு எழுதினார். இசையமைத்தது தான் என்றும், வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். 2024 மார்ச்சில் அவரே ஒரு காணொளியில், மூவருக்கும் அந்தப் பாட்டால் ஒரு பைசா வருமானமும் வரவில்லை என்றார்.

யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே உட்காரவில்லை. நமக்குப் பட்டது வேறு. பாட்டை ஆக்கியவர் யார், பணம் யாருக்கு, முகம் யாருடையது என்ற மூன்று கேள்விகளை நம் ஆட்கள் உட்பட எல்லாரும் ஒரே கேள்வியாகப் போட்டுக் குழப்பினார்கள். சட்டத்தில் மூன்றுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. அது தெரியாததால் கோபம் நியாயமாக இருந்தும் வாதம் வலுவிழந்தது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைப் பொறுத்தவரை பாட்டு என்று தனியாக ஒரு பொருளே கிடையாது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய நான்கு பொருள்கள்தான் உண்டு. வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு, எழுதியவருடையது. மெட்டு ஓர் இசைப் படைப்பு. சொற்களை நீக்கிவிட்டு இசையை மட்டும் பார்க்கச் சொல்கிறது சட்டம். இந்த இரண்டும் ஆக்கியவர் வாழ்நாள் முழுவதும், இறந்த பின் 60 ஆண்டும் நிற்கும். மூன்றாவது, ஒலிப்பதிவு, முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் பதிவு செய்தவர் அதன் தயாரிப்பாளர், அந்த உரிமைக்கு 60 ஆண்டு. நான்காவது, பாடிய குரலுக்கு நிகழ்த்துநர் உரிமை, 50 ஆண்டு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தானே எழுதி, மெட்டுப் போட்டு, பாடி, போனில் பதிவு செய்த பையனுக்கு நான்கும் சொந்தம். அவனிடம் பெரிய சொத்து இருக்கிறது என்று அவனுக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

விளம்பரக்காரர் வந்தால் என்ன நடக்கும்? படத்தோடு பாட்டைப் பொருத்திக்கொள்ள அவர் இரண்டு கதவைத் தட்ட வேண்டும். வரிக்கும் மெட்டுக்கும் உரிமை வைத்திருப்பவரிடம் ஒரு உரிமம். இதைத் தொழிலில் சிங்க் லைசென்ஸ் என்பார்கள். ஏற்கெனவே வெளிவந்த அதே பதிவைப் போட வேண்டுமென்றால் பதிவின் உரிமையாளரிடம் இன்னொன்று. அது மாஸ்டர் லைசென்ஸ். வேறு ஆளைப் பாடவைத்துப் புதிதாகப் பதிவு செய்துகொண்டால் இரண்டாவது கதவைத் தட்ட வேண்டியதில்லை. பிரபலமான பாட்டு விளம்பரத்தில் சில சமயம் வேறு குரலில் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடையிலும் ஓட்டலிலும் வானொலியிலும் பாட்டு ஒலிப்பதற்கான பணத்தை வசூலித்துப் பிரிக்க ஐ.பி.ஆர்.எஸ். போன்ற பதிப்புரிமைச் சங்கங்கள் இருக்கின்றன. விளம்பரத்துக்கான அனுமதியைப் பெரும்பாலும் உரிமையாளரிடமே நேரில் பேசித்தான் வாங்க வேண்டும், அதனால் விலையும் பேரத்தைப் பொறுத்தது. எத்தனை நொடி, எத்தனை மாதம், டிவியில் மட்டுமா இணையத்திலுமா, தமிழ்நாட்டுக்கு மட்டுமா உலகம் முழுவதுமா, அதே காலத்தில் போட்டிக் கம்பெனிக்குக் கொடுக்கலாமா, வரியை மாற்றிப் பொருளின் பெயரை நுழைப்பார்களா என்பதெல்லாம் விலையை ஏற்றும், இறக்கும். கடைசியாகச் சொன்னதற்குத் தனி அனுமதி வேண்டும்.

'காதலில் விழுந்தேன்' படத்தின் 'நாக்க முக்க' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். படம் வந்தது 2008இல். அதே ஆண்டு சென்னைக்கு வந்த டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழ் தன் விளம்பரப் படத்தில் அந்தப் பாட்டைப் பயன்படுத்தியது. மறு ஆண்டு கேன்ஸ் விளம்பர விழாவில் அந்த விளம்பரம் பரிசு வாங்கியது. சேரி அடி என்று ஒதுக்கிவைத்த தாளம் ஆங்கிலப் பத்திரிகை விற்கப் போனது. இதில் இழிவு எதுவும் இல்லை என்றுதான் நாம் நினைக்கிறோம். நம் தாளத்துக்குச் சந்தையில் விலை உண்டு என்று அது காட்டியது. விலை உண்டென்றால் அது யார் பைக்கு வர வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி.

இங்கே 2012ஐ நினைவில் வையுங்கள். அதுவரை, மொத்தத் தொகை ஒன்றைக் கொடுத்து எல்லா உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்வதே தொழில் வழக்கம். அந்த ஆண்டு ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் 18ஆம் பிரிவில் ஒரு விதியைச் சேர்த்தது: பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் உரிமையை விற்றுவிட்டாலும், அந்தப் பாட்டு வேறு வகையில் பயன்படும்போதெல்லாம் வரும் ராயல்டியில் வாங்கியவருக்குச் சமமான பங்கைப் பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அதை மாற்றலாம். வேறு யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. சினிமாப் பாட்டுக்கு ஒரு விலக்கு உண்டு: தியேட்டரில் படத்தோடு சேர்ந்து ஓடுவதற்குப் பங்கு கேட்க முடியாது. 'எஞ்சாமி' போன்ற தனிப்பாட்டுக்கு அந்த விலக்கும் கிடையாது. பாடகருக்கும் பதிவு வணிகமாகப் பயன்படும்போது ராயல்டி பெறும் உரிமையை 38ஏ பிரிவு தருகிறது.

எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்ற இந்தச் சட்டம் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், பறையர்களின் நிலைமை குறித்து அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதை ஒட்டி 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. முதல் பத்தாண்டு விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம், மீறிய விற்பனை செல்லாது. பசியும் கடனும் மிரட்டலும் கையெழுத்தை வாங்கிவிடும் என்று தெரிந்தே போட்ட நிபந்தனை அது. 12 லட்சம் ஏக்கர் அப்படிக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அதில் எவ்வளவு இன்று நம்மிடம் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். சட்டம் அவர்கள் பக்கம் நூறாண்டாக இருந்தது. கேட்டுப் போனபோதுதான் குண்டு வந்தது. பாட்டுக்கு உயிர் போகாது. ஆனால் நிலத்தில் நடந்ததே இங்கும் நடக்கும்: பறிக்க முடியாத பங்கு என்று சட்டம் சொல்லும், கேட்க ஆள் வராவிட்டால் அது வாங்கியவர் கணக்கிலேயே கிடக்கும்.

பெயருக்கு வருவோம். பணத்தைவிட இதுதான் நம் மக்களுக்கு அதிகம் வலிப்பது. 57ஆம் பிரிவு, உரிமையை முழுதாக விற்ற பிறகும் இந்தப் படைப்பு என்னுடையது என்று கோரும் உரிமையை எழுதியவரிடமே விட்டுவைக்கிறது. தன் மதிப்புக்குக் கேடு வரும்படி சிதைத்தால் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் வழி தருகிறது. பாடகருக்கு 38பி அதையே தருகிறது. இன்னொரு பக்கம், அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அலுவல்முறை விழாவில் பாட்டை இசைப்பது உரிமை மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. அதே இடத்தில்தான் சமயச் சடங்கும், கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் வருகின்றன. (நித்திய கல்யாணப் பெருமாள் ஊரில் இதைச் சொல்லாமல் போகக் கூடாது: கல்யாணப் பாட்டுக்குக் காசு கேட்கக் கூடாது என்று 2023இல் ஒன்றிய அரசே தெளிவுபடுத்தியது.) செஸ் ஒலிம்பியாட் தொடக்கத்தை அரசு விழா என்று கொண்டால், பாட்டை இசைக்கத் தனியாக அனுமதி வாங்கும் தேவை இருந்திருக்காது. எழுதியவர் பெயரைச் சொல்லாமல் விடலாம் என்று அந்தப் பிரிவு எங்கும் சொல்லவில்லை. ஆள் ஊரில் இல்லை என்பது அவர் மேடையில் நிற்காததற்கு விளக்கம். பெயருக்கு விமான டிக்கெட் தேவையில்லை.

இதைவிடச் சிக்கலானது ஒப்பாரியும் தாலாட்டும் நடவுப் பாட்டும். யார் கட்டியது என்று தெரியாத பாட்டுக்குச் சட்டத்தில் சொந்தக்காரர் இல்லை, பொதுச்சொத்து. பொதுச்சொத்து என்றதும் நமக்கு ஊர்ப் பொதுக்கிணறு நினைவுக்கு வரும், அதில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்றிருந்ததும் சேர்ந்தே வரும். மெட்டை எடுத்துக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி 'இசை: இன்னார்' என்று போட்டுக்கொள்ள ஸ்டுடியோ வைத்திருப்பவரால் முடிகிறது. பாட்டியின் பெயர் நன்றி வரியில்கூட வருவதில்லை. ஆனால் பாட்டு பழையதானாலும் அன்றைக்குப் பாடிய குரல் அந்தப் பாட்டியுடையது. அந்தக் குரலுக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு. அவர் சம்மதமில்லாமல் பதிவு செய்து விற்பது மீறல். ஆய்வுக்காகப் போனோடு ஊருக்குள் போகும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். பாடியவர் பெயர், ஊர், தேதி, எதற்காகப் பதிவு செய்கிறோம், விற்றால் அவர் பங்கு என்ன என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, படித்துக் காட்டி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வரும். அவசரம் என்பார்கள். 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த எல்லை என்று சொல்ல வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் 'நிரந்தரமாக, உலகெங்கும்' என்ற சொற்களை எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பார்கள். முதலில் அவற்றைத் தேடுங்கள். முடிந்தால் விற்காதீர்கள், காலம் குறித்து உரிமம் மட்டும் கொடுங்கள். வாடகைக்கு விடுவதற்கும் கிரயம் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடுதான். யூடியூப் பக்கம் யார் பெயரில், கணக்கைப் பார்க்கும் உரிமை யாருக்கு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தருவார்கள் என்று கேளுங்கள். 'எஞ்சாமி' தகராறில் உரிமை சமம் என்று சொன்ன பிறகும் காசு வரவில்லை என்ற பேச்சு எழுந்ததை மறக்க வேண்டாம்.

மறுக்கும் உரிமையையும் எழுதி வையுங்கள். இந்தச் சாலையின் இருபுறமும் மனைப்பிரிவு விளம்பரங்கள் நிற்கின்றன. நிலம் பறிபோன கதையைச் சொல்லும் பாட்டை ஒரு மனை விற்பனைக் கம்பெனி கேட்டு வரும் நாள் வெகுதூரத்தில் இல்லை. 57ஆம் பிரிவை வைத்து அப்போது வழக்காடலாம், ஆனால் வெல்வது உறுதியில்லை, வழக்குச் செலவும் நம் தலையில். அதைவிட, எந்தெந்தப் பொருளுக்கும் கட்சிக்கும் இந்தப் பாட்டைக் கொடுக்க மாட்டேன் என்று கையெழுத்துக்கு முன்பே ஒரு வரி சேர்ப்பது எளிது. விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே எழுத்தில் என் சம்மதம் வேண்டும் என்பது அந்த வரி. அதை எடுத்துவிடச் சொன்னால், ஏன் என்று கேட்டுவிட்டு, தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், உட்கார்ந்து படிப்போம்.