விடுதலைக்குப் பின் எழும் வேதனை

1973 அக்டோபரில் மூண்ட போரில் சிறைப்பட்ட இஸ்ரேலிய வீரர்களுள், எகிப்தில் இருந்தோர் சில வாரங்களில் விடுவிக்கப்பட்டனர். சிரியாவில் இருந்தோர் ஏறத்தாழ எட்டு மாதங்கள் அடைபட்டிருந்தனர். சித்திரவதையும் தனிமைச் சிறையும் இருசாராருக்கும் நேர்ந்தன. உளவியல் ஆய்வாளர் ஸஹாவா சாலமனும் அவருடைய குழுவினரும் இவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர்.

காலம் ஆற்றாத காயமில்லை என்று நாம் ஆறுதல் கூறுவது வழக்கம். இவர்களில் பலருக்கு அது பலிக்கவில்லை. தொடக்கத்தில் நலமாகத் தோன்றிய சிலரிடமும் பல ஆண்டுகள் கழித்து, நடுவயதில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு தலைதூக்கியது.

போர்க்களத்து அபாயம் எல்லோருக்கும் பொதுவானது. சிறையிலோ ஒரு மனிதனின் உணவையும் உறக்கத்தையும் பேச்சையும் மற்றொரு மனிதன் நாள்தோறும் ஆள்கிறான். உணர்ச்சியை அடக்குவதும் எவரையும் எளிதில் நம்பாதிருப்பதும் அங்கே உயிர்காக்கும் கவசம். வீடு திரும்பிய பின் அக்கவசம் எளிதில் கழல்வதில்லை. மனைவி மக்களுக்கோ அது பாராமுகமாகப் படுகிறது.

அவ்வீரர்களின் மனைவியரிடமும் மன உளைச்சலின் அறிகுறிகள் காணப்பட்டன. சிறையனுபவம் உடையவரை அழைத்து வரும் துணைவியரிடம், “உங்களுக்கு உறக்கம் வருகிறதா?” என்றும் நாங்கள் கேட்பது இதனாலேயே. தயங்காமல் கூறுங்கள்.